தாளத்தின் பெயர் கொண்ட பாடகர்

இன்று நாம் எண்ணிப் பார்க்க எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பாடகரின் வரலாறு. அவர் நம் நாட்டினர் அல்லர், இந்தோனேசியாவைச் சேர்ந்தவர். பெயர் ரோமா இராமா. பெயரைக் கேட்டவுடன் நம் இராமகாதையை நினைத்துக்கொள்ள வேண்டா. இந்தோனேசிய மொழியில் 'இராமா' என்பது தாளத்தையும் லயத்தையும் குறிக்கும் சொல். தாளத்தையே பெயராகக் கொண்ட ஒருவர் தம் நாட்டின் இசையரசராக விளங்கினார் என்பது பொருத்தமே. ஆனால் அந்த அரசருக்கு ஒரு காலத்தில் தொலைக்காட்சியின் கதவு அடைக்கப்பட்டது. பிறிதொரு காலத்தில் அவரே இன்னொரு பாடகிக்குக் கதவை அடைக்க முற்பட்டார். இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே சிந்தனைக்குரிய பொருள் நிறைய உண்டு.

வேற்று நாட்டுப் பாடகர் ஒருவரின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். தாய்மொழி வழங்காத ஊர்களில் வாழ்கின்றவர்கள் நாம். வீட்டுக்குள்ளே தமிழ்ப் பாட்டு ஒலிக்கும். வாயிலைக் கடந்தால் இந்தியோ மராத்தியோ வங்காளமோ ஒலிக்கும். முதலில் பொருள் விளங்காமல் காதில் விழுந்த பாட்டு, சில ஆண்டுகளில் நம் குழந்தைகள் முணுமுணுக்கும் பாட்டாகிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். இசை இப்படித்தான் ஊர்விட்டு ஊர் குடியேறுகிறது. இந்தியாவின் இசை கடல் கடந்து சாவகத்தில் குடியேறிய கதையும் ரோமா இராமாவின் வரலாற்றுக்குள் அடங்கியிருக்கிறது. ஆகவே அது நமக்கு முற்றிலும் அயலான கதை அன்று.

1950-களில் நம் நாட்டு இந்தித் திரைப்படங்கள் இந்தோனேசிய நகரங்களில் பெருங்கூட்டத்தை ஈர்த்தன. மொழி தெரியாத மக்கள் மெட்டை மனப்பாடம் செய்துகொண்டனர். அந்நாட்டில் 'ஓர்க்கேஸ் மெலாயு' எனப்படும் மலாய் இசைக்குழுக்கள் முன்பே இருந்தன. அரபு நாட்டுச் சாயலும் மேலை நாட்டுச் சாயலும் அவற்றில் கலந்திருந்தன. இப்போது இந்தியச் சாயலும் சேர்ந்தது. எல்லியா காடாம் என்ற பாடகி 'இந்தியாவிலிருந்து வந்த பொம்மை' என்று பொருள்படும் ஒரு பாட்டால் புகழ் பெற்றார். நம் தபலாவின் ஒலியைத் தம் முழவில் எழுப்பக் கலைஞர்கள் பழகிக்கொண்டனர். புல்லாங்குழலும் அவ்வாறே இந்திய நெளிவுகளைக் கற்றது.

அந்த முழவின் ஒலியிலிருந்தே இவ்விசைக்குப் பெயரும் பிறந்தது. 'டாங்' என்று ஓர் அடி. 'டுட்' என்று ஓர் அடி. மேட்டுக்குடி மக்கள் இதைக் கேட்டு நகைத்து, 'டாங்டுட்' என்று எள்ளி அழைத்தனர். 1970-களின் தொடக்கத்தில் வழங்கத் தொடங்கிய இந்த இகழ்ச்சிப் பெயரைக் கலைஞர்கள் மறுக்கவில்லை. தமக்குரிய பட்டமாகவே அதை எடுத்துச் சூடிக்கொண்டனர். இரிக்ஷா இழுப்பவரும் கூலி வேலை செய்பவரும் சந்தையில் கடை பரப்பியிருப்பவரும் விரும்பிக் கேட்ட இசை அது. ஏழையின் இசை என்பதனாலேயே இகழப்பட்டது. ஏழையின் இசை என்பதனாலேயே வளர்ந்தது.

மேலை நாட்டு ராக் இசைக்கும் அந்நாட்டில் ஒரு சோதனைக் காலம் இருந்தது. குடியரசுத் தலைவர் சுகர்ணோ, ஆதிக்க நாடுகளின் பண்பாடு தம் இளைஞரைக் கெடுத்துவிடும் என்று அஞ்சினார். ராக் இசையை 'ஙாக்-ஙிக்-ஙோக்' என்று ஒலிக்குறிப்பால் பழித்தார். 'கூஸ் பெர்சௌடாரா' என்ற உடன்பிறந்தார் குழு, பீட்டில்ஸ் குழுவினரின் பாட்டுகளை ஒரு விருந்தில் பாடியதற்காக 1965-ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் சிறை புகுந்தது. ஜகார்த்தாவின் குளோடோக் சிறையில் மூன்று மாதம் இருந்து அவ்விளைஞர்கள் செப்டம்பர் 29-இல் வெளிவந்தனர். மறுநாள் இரவில் தொடங்கிய கிளர்ச்சியும் அதன் பின் நிகழ்ந்த கொடுமைகளும் அந்நாட்டின் ஆட்சியையே மாற்றிவிட்டன. சுகர்ணோ வீழ்ந்தார், சுகார்த்தோ எழுந்தார். மேலை இசைக்குப் பூட்டியிருந்த கதவு திறந்தது. பாட்டைக் கண்டு ஆட்சியாளர் அஞ்சும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

இந்தச் சூழலில் வளர்ந்தவரே நம் பாடகர். 1946-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் மேற்குச் சாவகத்தின் தாசிக்மலாயா நகரில் பிறந்தார். தந்தையார் படைத்துறையில் பணியாற்றியவர். மகன் சிறுவனாக இருந்தபோதே காலமானார். இளமையில் அவர் ஓமா இராமா என்றே அழைக்கப்பட்டார். கித்தார் பயின்றார், நண்பர்களோடு குழு அமைத்து மேலை நாட்டுப் பாட்டுகளைப் பாடினார். பிறகு மலாய் இசைக்குழுக்களில் சேர்ந்து இந்தியச் சாயல் கொண்ட பாட்டுகளையும் பாடினார். இரு வேறு உலகங்களின் இசை ஒரே இளைஞரிடம் கூடின.

1970-ஆம் ஆண்டில் அவர் 'சோனெத்தா' என்ற தம் குழுவை அமைத்தார். எல்வி சுகாசே என்ற பாடகி அவரோடு இணைந்து பாடினார். பிற்காலத்தில் நாட்டு மக்கள் அவரை டாங்டுட் அரசர் என்றும் அப்பெண்மணியை டாங்டுட் அரசி என்றும் போற்றினர். வீணே இரவெல்லாம் விழித்திராதே என்று அறிவுரை கூறும் 'பெகாடாங்' என்ற பாட்டு அவரை நாடறியச் செய்தது. 'தேராஜானா' என்பது அவருடைய மற்றொரு புகழ்பெற்ற பாட்டு. அத்தலைப்பைக் கேட்டால் வடநாட்டில் வாழும் நமக்கு உடனே விளங்கிவிடும். அவை இரண்டும் இந்திச் சொற்களே. இந்திய இசைக்கு அவர் வெளிப்படையாகச் செலுத்திய வணக்கம் என்று அதனைக் கொள்ளலாம்.

ஆயினும் இந்தியச் சாயலோடு அவர் நின்றுவிடவில்லை. 1970-களில் இந்தோனேசிய இளைஞர்களின் உள்ளத்தை ஆங்கிலேய ராக் குழுவான டீப் பர்ப்பிள் கவர்ந்திருந்தது. 1975-ஆம் ஆண்டு டிசம்பரில் அக்குழு ஜகார்த்தாவின் செனாயான் விளையாட்டரங்கிலேயே வந்து பாடியது. மென்மையான மலாய் இசை இந்த முழக்கத்தின் முன்னே ஒதுங்கிப் போய்விடும் என்று ரோமா இராமா உணர்ந்தார். எதிரியின் படைக்கலத்தையே கையில் எடுத்தார். மின்கித்தாரை முன்னிறுத்தினார், பெரிய ஒலிபெருக்கிகளை வரவழைத்தார், ஒளிவிளக்குகளும் மின்னும் உடைகளும் மேடையை நிறைத்தன. முழவு 'டாங்டுட்' என்று நடை போட, அதன் மேல் ராக் கித்தார் கனன்று பாய்ந்தது. கேட்டவர்கள் வியந்தனர்.

ராக் குழுவினர் சிலர் இதனை விரும்பவில்லை. டாங்டுட் இசையைப் பற்றி மிக இழிவான சொற்கள் ஏடுகளில் வெளிவந்தன. இரு தரத்து இரசிகர்களும் பகைத்து நின்றனர். அது வெறும் இசைச் சண்டை அன்று. ஆங்கிலம் கற்ற நகரத்து இளைஞரும் கல்வி வாய்ப்புக் குறைந்த எளிய மக்களும் தத்தம் இசையின் பெயரால் மோதிக்கொண்டதே அதன் உண்மை. பின்னர் நாட்டின் முதன்மையான ராக் குழுவாகிய 'காட் பிளெஸ்' குழுவும் சோனெத்தாவும் ஒரே நிகழ்ச்சியில் பாடியபோது அந்தப் பகை ஒருவாறு தணிந்தது.

இதே காலத்தில் அவர் வாழ்க்கையில் ஒரு திருப்பம் நேர்ந்தது. 1973-ஆம் ஆண்டில் தம் குழுவை 'முஸ்லிம்களின் குரல்' என்ற பொருளில் அறிவித்தார். குழுவினர் மதுவைத் துறக்க வேண்டும். ஒழுக்கம் பேண வேண்டும். தொழுகையை விடலாகாது என்று விதித்தார். 1975-இல் மக்கா சென்று திரும்பினார். 'ராடென்' என்ற தம் குலப்பட்டத்தின் முதலெழுத்தையும் 'ஹாஜி' என்பதன் முதலெழுத்தையும் ஓமா என்ற பெயரின் முன் சேர்த்துக்கொண்டார். ஓமா அவ்வாறுதான் ரோமா ஆனார். அதன்பின் அவர் பாட்டுகளில் காதலோடு அறமும் சமயமும் நாட்டு நடப்பும் இடம்பெற்றன. பணத்தின் ஆட்சியைப் பற்றி 'ரூபியா' என்று பாடினார். மனித உரிமையைப் பற்றி 'ஹாக் அசாசி' என்று பாடினார். நாட்டு மக்களின் தொகையையே தலைப்பாக்கி, பல இனமும் ஒரு நாடு என்ற கருத்தில் '13 கோடியே 50 இலட்சம்' என்று பொருள்படும் பாட்டையும் பாடினார்.

இங்கேதான் அரசின் கண் அவர்மீது விழுந்தது. சுகார்த்தோவின் ஆட்சியில் 1973-க்குப் பின் மூன்று அமைப்புகளே தேர்தலில் நிற்க இயலும். ஆளும் தரப்பு கோல்கார்; இஸ்லாமியக் கட்சிகள் ஒன்றாக இணைக்கப்பட்டு உருவானது ஐக்கிய வளர்ச்சிக் கட்சி; எஞ்சியவை சேர்ந்தது சனநாயகக் கட்சி. அரசு ஊழியரும் கலைஞரும் கோல்காரின் மேடையிலேயே தோன்ற வேண்டும் என்பது எழுதப்படாத விதி. 1977-ஆம் ஆண்டுத் தேர்தலில் ரோமா இராமா ஐக்கிய வளர்ச்சிக் கட்சிக்காகப் பாடினார். அவர் பாடிய இடமெல்லாம் மக்கள் வெள்ளம் திரண்டது. தலைநகராகிய ஜகார்த்தாவில் கோல்காரை அக்கட்சி வென்றது. அந்த வெற்றியில் பாட்டுக்கும் பங்கு உண்டு என்று ஆட்சியாளர் கருதியிருந்தால் அதில் வியப்பில்லை.

விளைவு விரைந்து வந்தது. அரசுத் தொலைக்காட்சி நிலையத்தில் அவருக்கு இடமில்லாமற் போயிற்று. 1977 முதல் 1988 வரை, பதினோர் ஆண்டுகள், நாட்டின் புகழ்மிக்க பாடகர் நாட்டின் தொலைக்காட்சியில் தோன்றவில்லை. அந்நாட்டில் தனியார் தொலைக்காட்சி வந்தது 1989-இல்தான். ஆகவே அரசுத் தொலைக்காட்சியில் இல்லை என்றால் எந்தத் தொலைக்காட்சியிலும் இல்லை என்பதே பொருள்.

ஆனால் ஒரு கதவை அடைத்தால் பாட்டு இன்னொரு கதவைத் தேடிக்கொள்கிறது. அது ஒலிநாடா பரவிய காலம். சிறிய பெட்டிக்குள் அடங்கிய பாட்டு பேருந்திலும் தேநீர்க் கடையிலும் மீன்பிடி படகிலும் ஒலித்தது. திரைப்படமும் துணை நின்றது. 1977-இல் 'டாரா மூடா', 1978-இல் 'ராஜா டாங்டுட்', 1980-இல் 'பெர்ஜுவாங்ஙான் டான் டோவா' என்று படங்கள் தொடர்ந்தன. இளம் இரத்தம், டாங்டுட் அரசன், போராட்டமும் பிரார்த்தனையும் என்பன அத்தலைப்புகளின் பொருள். 1984-இல் வந்த படத்தின் பெயர் 'சாத்ரியா பெர்கித்தார்'. கித்தார் ஏந்திய க்ஷத்திரியன் என்று அதற்குப் பொருள். நம் பழஞ்சொல் ஒன்று மின்கித்தாரோடு எவ்வளவு இயல்பாகக் கைகோத்து நிற்கிறது, பாருங்கள்! தொலைக்காட்சி மறைத்த முகத்தை ஊர்தோறும் வெண்திரை பெரிதாக்கிக் காட்டியது. 1982-ஆம் ஆண்டுத் தேர்தலிலும் அவர் அதே கட்சிக்காகப் பாடினார். 1980-களின் பிற்பகுதியில் சூதாட்டத்தைக் கண்டித்து 'ஜூடி' என்ற பாட்டை வெளியிட்டார். அரசின் இசைவோடு பந்தயச் சீட்டுகள் விற்பனையான நாட்கள் அவை என்பதை எண்ணினால் அப்பாட்டின் துணிவு விளங்கும்.

1988-இல் தடை நீங்கியது. 1990-களில் நிலைமை தலைகீழாயிற்று. டாங்டுட் நம் நாட்டின் சொந்த இசை என்று அமைச்சர்களே புகழத் தொடங்கினர். உயர்ந்த விடுதிகளிலும் அது ஒலித்தது. 1997-ஆம் ஆண்டுத் தேர்தலில் ரோமா இராமா கோல்காரின் பக்கமே நின்றார். இருபது ஆண்டுகளுக்கு முன் எதிர்த்துப் பாடியவர், தம்மை ஒதுக்கிய தரப்பின் மேடையில் ஏறியது இரசிகர் பலரை வருத்தியது. காலத்தோடு இசைந்தார் என்று கூறுவாரும் உண்டு. கொள்கையை விட்டார் என்று கூறுவாரும் உண்டு. மறு ஆண்டே, 1998-இல், சுகார்த்தோ பதவியை விட்டு இறங்கினார். நாட்டில் பேச்சுரிமை மலர்ந்தது.

அந்த உரிமையின் வெளிச்சத்தில் தோன்றியவர் இனுல் டாராதிஸ்தா. 1979-இல் கிழக்குச் சாவகத்தின் பாசுருவான் வட்டாரத்தில் பிறந்தவர். எளிய குடும்பத்துப் பெண். கிராமத்துத் திருமணங்களிலும் விழாக்களிலும் பாடி வந்தார். இடுப்பை விரைந்து சுழற்றி ஆடும் அவருடைய ஆட்டத்தை, துளையிடும் கருவியின் சுழற்சிக்கு ஒப்பிட்டு 'ஙெபோர்' என்றனர். எந்த நிறுவனமும் அவரை நாடறியச் செய்யவில்லை. கிராமத்து மேடைகளில் எடுத்த காட்சிகள் குறுந்தகடுகளில் உரிமையின்றிப் படியெடுக்கப்பட்டுச் சந்தைதோறும் விற்றன. 2003-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தொலைக்காட்சி நிலையங்கள் அவரைத் தேடி வந்தன.

ரோமா இராமா சினந்தார். மலாய் இசைக் கலைஞர் சங்கத்தின் தலைவர் என்ற நிலையில் அவர் அப்பெண்ணைக் கண்டித்தார். இவ்வாட்டம் நாட்டின் ஒழுக்கத்தைக் குலைக்கும் என்றார். தம் பாட்டுகளை அவர் பாடலாகாது என்று தடுத்தார். சமயத் தலைவர்கள் சிலரும் கண்டனக் குரல் எழுப்பினர். இனுல் கண்ணீர் விட்ட காட்சியை நாடே பார்த்தது. மக்களின் இரக்கம் அப்பெண்ணின் பக்கம் திரும்பியது. முன்னாள் குடியரசுத் தலைவரும் பெரிய சமயத் தலைவருமான அப்துர்ரஹ்மான் வாஹித் அவருக்கு ஆதரவாகப் பேசினார். கலையைத் தடுக்கும் அதிகாரம் தனி ஒருவருக்கு இல்லை என்பது அத்தரப்பின் வாதம். ஊழலைக் கண்டு சினவாதவர்கள் ஓர் ஏழைப்பெண்ணின் ஆட்டத்தைக் கண்டு சினப்பதேன் என்றும் பலர் கேட்டனர். அதே ஆண்டில் ரோமா இராமாவின் சொந்த இல்லற வாழ்வும் ஏடுகளில் பலவாறு பேசப்பட்டது. ஒழுக்கம் போதிப்பவரின் வீட்டையும் ஊர் எட்டிப் பார்க்கும் அன்றோ?

பூசல் அத்தோடு ஓயவில்லை. ஆபாசத் தடைச் சட்டத்தின் முன்வரைவு 2006-இல் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டபோது ரோமா இராமா அதனை ஆதரித்தார். அவ்வரைவை எதிர்த்து ஜகார்த்தாவின் தெருக்களில் நடந்த ஊர்வலத்தில் இனுல் கலந்துகொண்டார். சில திருத்தங்களுடன் அச்சட்டம் 2008-ஆம் ஆண்டில் நிறைவேறியது.

அவருடைய பிற்கால அரசியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2012-இல் ஜகார்த்தா ஆளுநர் தேர்தலின்போது ஒரு பள்ளிவாசலில் ஆற்றிய உரையில், சமய வேற்றுமையைத் தூண்டினார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. தேர்தல் மேற்பார்வைக் குழு விசாரித்து, விதிமீறல் இல்லை என்று விடுவித்தது. 2014-இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு ஒரு கட்சியின் வேட்பாளராகப் பேசப்பட்டார். இறுதியில் அக்கட்சி ஜோக்கோ விடோடோவை ஆதரித்தது. 2015-இல் தாமே ஒரு கட்சியைத் தொடங்கினார். 2019-ஆம் ஆண்டுத் தேர்தலில் நிற்கும் தகுதியை அது பெறவில்லை. பாட்டுக்குத் திரண்ட கூட்டம் வாக்குப்பெட்டிவரை உடன் வருவதில்லை என்பது நம் நாட்டாருக்கும் தெரியாத செய்தி அன்று.

அன்பர்களே, இவ்வரலாற்றை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? ரோமா இராமாவுக்கு நியாயம் வழங்க வேண்டுமானால் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இழிந்த இசை என்று பிறர் தூற்றிய ஒன்றைத் தூக்கி நிறுத்தப் பல ஆண்டுகள் உழைத்தவர் அவர். ஏழைகளின் இசைக்கு மதிப்புத் தேடித் தந்தவர். அந்த மதிப்பு ஓர் ஆட்டத்தால் மீண்டும் சரிந்துவிடுமோ என்று அவர் அஞ்சியிருக்கலாம். வீடு கட்டியவனுக்குத்தான் சுவரில் விழும் விரிசல் முதலில் தெரியும். சமய நம்பிக்கை அவருக்கு வேடமும் அன்று. அரசின் சினத்துக்கு ஆளான காலத்திலும் அவர் அதைக் கைவிடவில்லை.

ஆனால் இனுலுக்கும் நியாயம் வழங்க வேண்டும். டாங்டுட் இசையைப் பழித்த மேட்டுக்குடியினர் எந்தச் சொற்களால் ரோமா இராமாவைப் பழித்தனரோ, ஏறத்தாழ அதே பொருளுடைய சொற்களே அப்பெண்ணின் மீதும் வீசப்பட்டன. தரம் குறைந்தது, நாகரிகம் அற்றது, நாட்டுக்கு இழுக்கு என்பனவே அவை. இளமையில் இச்சொற்களைத் தாங்கியவர் முதுமையில் இவற்றை வழங்குபவராக மாறியதுதான் இவ்வரலாற்றின் துயரப் பகுதி. கண்டிக்கும் உரிமை அவருக்கு இருந்தது. பாட்டால் விடை சொல்லியிருக்கலாம். அதில் அவரை வெல்ல யார் உளர்? தம் பாட்டைப் பாடக் கூடாது என்று சொல்லும் உரிமையும் இயற்றியவருக்கு ஓரளவு உண்டு எனலாம். ஆனால் ஒருத்தியின் வாழ்வுக்கு வழியான மேடையையே மூட முற்படுவது வேறு. பதினோர் ஆண்டுகள் மூடிய கதவின் வெளியே நின்றவருக்கு அந்த வேறுபாட்டைப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

1965-இல் அரசு பாடகரைச் சிறையிட்டது. 1977-இல் அரசு பாடகரை மறைத்தது. 2003-இல் பாடகரே பாடகியைத் தடுத்தார். மூன்று முறையும் மக்களின் நன்மையே காரணமாகக் காட்டப்பட்டது. மூன்று முறையும் மக்களைக் கேட்டவர் இல்லை. கூஸ் உடன்பிறந்தாரின் பாட்டு சிறையைக் கடந்து வந்தது. ரோமா இராமாவின் பாட்டு தொலைக்காட்சியைக் கடந்து சென்றது. இனுலின் புகழும் தடையால் குன்றவில்லை, பெருகியது. எதைக் கேட்பது, எதை விடுப்பது என்பதை இறுதியில் கேட்பவரின் காதே முடிவு செய்தது.

நாம் வாழும் ஊர்களிலும் புதிய பாட்டு வரும்போது முகம் சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. நம் பிள்ளைகள் விரும்பும் இசை நமக்கு இரைச்சலாகத் தோன்றுவதும் உண்டு. பிடிக்கவில்லை என்று சொல்லலாம். ஏன் பிடிக்கவில்லை என்று எடுத்துக் காட்டலாம். நல்லதை நாமே பாடிக் காட்டலாம். வாயை மூடு என்று மட்டும் சொல்லாதிருப்போமாக. இந்தியக் கரையிலிருந்து புறப்பட்ட தாளம் ஒன்று, கடலின் அப்பாலுள்ள தீவுகளில் ஏழை மக்களின் குரலாக வளர்ந்ததற்குக் காரணம், அது போன வழியில் அதைக் கேட்க மனமுடையவர்கள் இருந்தமையே.